ஒரு மணி பத்து நிமிடம்

கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிய நேரம் என்று அம்சா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். விமானி உரிமத்துக்குப் படிக்கிற மகள் அனுராதா எத்தனை முறை விளக்கியும் அந்தப் பெயரை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. தலையில் ஒரு பிளாஸ்டிக் மறைப்பை மாட்டிக்கொண்டால் வானம் தெரியாது, தரை தெரியாது. எதிரே பலகையில் முள் ஆடும் ஆறேழு மீட்டர்கள் மட்டும் தெரியும். அந்த முள்களை மட்டுமே நம்பி ஓட்டிய நேரத்தை லாக்புக் என்ற பறப்புக் குறிப்பேட்டில் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் பிழைத்து வருவதற்கான பயிற்சி அது. பக்கத்து இருக்கையில் ஆசிரியர் உட்கார்ந்து, மாணவிக்குப் பதிலாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

“அப்போ அவுரு கண்ணத் தொறந்துகினு இருக்காரு இல்ல? அத்த மொதல்ல சொல்லு,” என்பாள் அம்சா.

அப்பா துளசிங்கம் அரசுப் பேருந்து ஓட்டுநர். திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் இடையே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். “வெளிய பாக்காம வண்டி ஓட்டுனா எங்க டிப்போல சஸ்பெண்டு பண்ணுவான். உங்காளு அதுக்கு மார்க்கு போடுறானா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் அவர் பங்குக்கு வந்த நிலம், சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. வந்த இழப்பீட்டுப் பணத்தை அப்படியே சின்ன மகளின் படிப்பில் போட்டார். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதன் பிறகு அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தை மாதம் ஒரு காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அனுராதா படித்தது ஊரில் பெண்கள் பள்ளியில். பிறகு தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் இயற்பியல். விமானப் பயிற்சிப் பள்ளியில் சேரும்வரை அவள் எந்த விமானத்திலும் பயணியாக ஏறியதில்லை. முதன்முதலில் ஏறி உட்கார்ந்ததே ஓட்டுகிற இருக்கையில்தான். பள்ளி மகாராஷ்டிரத்தில், சுற்றிலும் கரும்பு விளைகிற ஒரு சிறிய ஊரில் இருந்தது. அங்கே அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவள் கையெழுத்து. மாதக் கடைசியில் மாணவர்கள் நாலைந்து பேர் மெஸ்ஸில் வட்டமாக உட்கார்வார்கள். ஒருவர் அலுவலகப் பதிவேட்டைப் பார்த்துத் தேதி, பயிற்சி, நேரம் என்று வாசித்துக்கொண்டே போக, மற்றவர்கள் தத்தம் லாக்புக்கில் எழுதிக்கொண்டே வருவார்கள். அன்றன்றைக்கே எழுத வேண்டும் என்பது விதி. அங்கே யாரும் அப்படி எழுதியதில்லை. அனுராதா அடித்தல் திருத்தல் இல்லாமல், கட்டத்தை மீறாமல் எழுதுவாள். தோழிகள் தங்கள் புத்தகங்களையும் அவளிடமே தள்ளுவார்கள்.

தப்பு அந்த வழக்கத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தது. அது வெளியே தெரிந்தது ஆடி மாதம், அவள் பயிற்சி முடித்து ஊருக்கு வந்திருந்தபோது, ஸ்ரீதரின் கடையில்.

ஸ்ரீதர் அவள் அக்கா கல்பனாவின் கணவர். திருத்தணிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ், பிரவுசிங், லேமினேஷன் கடை வைத்திருந்தார். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் இருந்தது. காவடிக் குழுக்களுக்கு பேனர் அடித்துக் கொடுக்கும் வேலை அவருக்குத் தலைக்கு மேல் கிடந்தது. கடை வாசலில் போலீஸ்காரர்கள் சவுக்குக் கழிகளை நட்டுத் தடுப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் மைத்துனிக்காக ஸ்கேனரை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து விண்ணப்பத்தோடு ஏற்ற வேண்டும். ஓட்டிக் காட்டும் தேர்வுகளில் அவள் பிப்ரவரியில் தேறிவிட்டாள். தேறிய ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஓடுதளத்தில் பழுது, பிறகு மழை, பிறகு ஒரு சான்றிதழ் என்று நாள் ஓடி, மிச்சம் இருந்தது ஒன்பது நாள்.

“முப்பத்தியொண்ணாம் பக்கம். திருப்பு,” என்றார் ஸ்ரீதர். “கையெழுத்து இன்னாமா கீது, அச்சடிச்ச மாரி. உங்கக்கா எழுதுனா கோழி கெளறுன மாரி இருக்கும்.”

“அக்காகிட்ட சொல்றேன், பாவா.”

“சொல்லேன். பயப்படுறவனா நான்?” குனிந்து பக்கத்தை நேராக வைத்தவர் அப்படியே நின்றார். “அனு, இது இன்னா இது? இந்தக் கட்டம்தானே உங்கம்மா சொல்ற கண்ணக் கட்டுன நேரம்?”

“ஆங்.”

“பக்கத்துல ஒராளு இருக்கணும்னியே. எல்லா வரியிலயும் வேணு சாரு பேரு கீது. இந்த வரியில மட்டும் செல்ஃபுனு போட்டுக்கீது? அன்னிக்கு வெளிய பாத்துகினு வந்தது யாரு?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அனுராதா எட்டிப் பார்த்தாள். பிப்ரவரி ஐந்து. விமானி: தானே. மொத்த நேரம் ஒரு மணி பத்து நிமிடம். மீட்டர் பார்த்து ஓட்டிய நேரம் என்ற கட்டத்திலும் அதே ஒரு மணி பத்து நிமிடம். பக்கத்தின் அடியில் வேணு சாரின் கையெழுத்து.

தனியாகப் பறக்கும்போது யாரும் மறைப்பை மாட்டிக்கொள்ள முடியாது. மாட்டிக்கொண்டால் அது குருட்டு விமானம். உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் இந்த வரியைப் பார்க்கிற எவருக்கும் அது ஒரு நொடியில் தெரியும்.

அவள் சத்தமில்லாமல் கூட்டிப் பார்த்தாள். வேண்டியது பத்து மணி நேரம். அதில் ஐந்து மணி வரை தரையில் இருக்கும் சிமுலேட்டரில் செய்திருக்கலாம். அவளிடம் சிமுலேட்டர் ஐந்து. விமானத்தில் ஐந்து மணி இருபது நிமிடம். இந்த வரியை எடுத்துவிட்டால் விமானத்தில் நாலு மணி பத்து நிமிடம். ஐம்பது நிமிடம் குறைகிறது.

“இன்னா, மொகமே மாறிடுச்சி?” என்றார் ஸ்ரீதர்.

“ஸ்கேன் பண்ணாதீங்க, பாவா. கொஞ்சம் நிறுத்துங்க.”

வேணுவை அவள் கடையின் பின்பக்கம், பழைய தாள் கட்டுகளுக்கு நடுவில் நின்று அழைத்தாள். அவளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வேணு சித்தூர்க்காரர், முப்பது வயது. எல்லை ஊர்க்காரர்கள் என்பதால் பள்ளியில் அவளிடம் மட்டும் தமிழில் பேசுவார். விஷயத்தைச் சொன்னாள்.

“அன்னிக்கு நான் எறங்கிட்டேன் இல்ல,” என்றார் மெதுவாக.

“ஆமா சார்.”

இருவருக்குமே நன்றாக நினைவிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடித்து அவள் பள்ளிக்குத் திரும்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை. மறைப்போடு பயிற்சி என்று பதிவேட்டில் குமாஸ்தா முன்கூட்டியே எழுதிவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுதள முனையில் வேணு அவளைத் திரும்பிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, ஹெட்செட்டைக் கழற்றினார், மறைப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். “இன்னிக்கி இது வேணாம். ஒண்டியா போய்ட்டு வா. தூரமா போகாத,” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி நடந்தார்.

அவள் போனாள். ஏரிக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகு அழ ஆரம்பித்தாள். ரேடியோ பொத்தானை அழுத்தாதவரை யாருக்கும் கேட்காது. நைனா, நைனா என்று அப்பாவைக் கூப்பிட்டு, சத்தம் போட்டே அழுதாள். கரும்பு வயல்களின் மேல் விமானத்தின் நிழல் ஓடுவதைப் பார்த்தாள், வண்டிப்பாதையில் போன ஒரு டிராக்டரைப் பார்த்தாள், ஏரிக்கரையில் யாரோ துணி உலர்த்துவதைப் பார்த்தாள். அந்த ஒரு மணி பத்து நிமிடத்தில் அவள் மீட்டர்களைப் பார்த்ததுதான் குறைவு. அப்பா போன பிறகு மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது அன்றுதான்.

மாதக் கடைசியில் தோழி பதிவேட்டைப் பார்த்து “ஐந்தாம் தேதி, மறைப்பு, ஒன்று பத்து” என்று வாசித்தாள். தனியாகப் போனது நினைவிருந்ததால் பெயர்க் கட்டத்தில் கை தானாக ‘செல்ஃப்’ என்று எழுதியது. காதில் விழுந்த எண்ணை அடுத்த கட்டத்திலும் எழுதியது. வேணு பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

“அனு, கேளு,” என்றார் வேணு. “ஆபீஸ் பதிவேட்டுல என் பேரும் கீது, உன் பேரும் கீது. நான் எறங்குனத எவனும் அதுல மாத்தல. விமானத்தோட புக்குலயும் அப்டியேதான் ஏத்திட்டாங்க. உன் புக்குல மட்டும்தான் செல்ஃபுனு இருக்குது. அத்த அடிச்சிட்டு என் பேர எழுது. நான் பக்கத்துல சின்னதா கையெழுத்துப் போட்டுடறேன். தனியா ஓட்டுன நேரம் உனக்கு நூறு வேணும், நூத்தி ரெண்டு கீது. கொறஞ்சாலும் பரவால்ல. முடிஞ்சிச்சி.”

“நீங்க அன்னிக்கு வரலையே, சார்.”

“வரலதான். யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தானே?” அவர் குரல் தணிந்தது. “நான் உனக்கு நல்லதுதானே பண்ணேன் அன்னிக்கு? இப்போ நீ அந்த நேரத்த அடிச்சிட்டு நம்ம ஹெட் மேடம்கிட்ட கொண்டுபோனா, மொதல்ல கேக்கறது, யாருயா இதுக்குக் கையெழுத்துப் போட்டதுனுதான். பதினஞ்சாம் தேதி நான் ஏர்லைன்ல சேரணும் அனு. நாலு வருஷமா காத்துகினு இருக்கேன்.”

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். கடைக்குள் வந்தபோது ஸ்ரீதர் ஒரு பேனரைச் சுருட்டிக்கொண்டே, “ஒரு பேர மாத்தணும், அவ்ளோதானே? கேட்டுட்டேன், ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்திச்சி,” என்றார். “இதுக்குப் போய் ஏம்மா? எங்க கல்யாணப் பத்திரிகையிலயே மாமா பேரு தப்பா அடிச்சி நான் பேனாவுல திருத்தி நானூறு பேருக்குக் குடுத்தவன்.”

அவள் லாக்புக்கைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீடு மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் இருந்தது. தெரு முழுக்கக் கயிற்றுக் கட்டில்களும் தண்ணீர்ப் பந்தலும் வந்துவிட்டன. வெளியூரிலிருந்து முன்கூட்டியே வந்த காவடிக்காரர்கள் சாமந்திப்பூவைக் குவித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லா வாசலிலும் கோலம், மாவிலை. அவர்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது. ஊரே மேலே பார்த்து அரோகரா போட, அம்சா கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கிருத்திகைக்காக அவள் வேலை செய்யும் தறிக் கூடத்தில் மூன்று நாள் விடுமுறை. சத்தமில்லாத வீடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அனுராதா லாக்புக்கைத் தரையில் விரித்தாள். ஒரு பழைய தாளில் வேணுவின் பெயரை எழுதிப் பார்த்தாள். கட்டம் சிறியது, ‘செல்ஃப்’ என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்தால் மேலே அந்தப் பெயர் சரியாக உட்காரும். அளந்தே பார்த்தாள். அவ்வளவு எளிதாக முடிந்துவிடும். அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“ஸ்ரீதர் போன் பண்ணாரு,” என்றாள் அம்சா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. “தப்பு பண்ணது அந்த வாத்தியாரு. நீ ஏன்டி மூஞ்ச தொங்கப் போட்டுகினு குந்திகினுக்கீற?”

“எழுதுனது நான்மா.”

“எழுதுனத மாத்தி எழுது. இந்தப் பரிச்ச போச்சின்னா மறுபடி ஆறு மாசம் ஏழு மாசம்னுவ. மறுபடி அங்க போய்க் குந்துறதுக்கு இங்க இன்னா இருக்குது? நெலமா இருக்குது?” சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். அடுத்து கேட்டது வேறு. “அந்தத் தேதி இன்னா சொன்ன?”

“பிப்ரவரி அஞ்சு.”

அம்சா விரல்விட்டு எண்ணினாள். எண்ணியவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். “அன்னிக்கு நீ ஒண்டியாவா மேல போன? நைனா போய் இருவது நாளு ஆவல. ஒண்டியா அனுப்பிச்சானா அந்த ஆளு? புத்தி இருக்குதா அவனுக்கு?”

“நல்லதுக்குத்தான்மா அனுப்புனாரு.”

“இன்னா நல்லது? எதுனா ஒண்ணு ஆயிருந்தா? நான் இங்க ஒருத்தருக்கு வெளக்கு வெச்சிகினு குந்திகினுக்கீறேன்.” அவள் குரல் உடைந்தது; உடனே அதட்டலாக மாறியது. “இன்னாடி பண்ண மேல போயி?”

“அழுதேன்.”

வெளியே பம்பை அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் போயிற்று.

“இப்போ அந்தாளு பேர எழுதுனா,” என்று அம்சா கேட்டாள், “அன்னிக்கு அவுரு கூட இருந்தாருனு ஆயிடும். அப்டித்தானே?”

“ஆங்.”

அம்சா எழுந்துபோய்ப் பானையில் அரிசி களைந்து போட்டாள். அனுராதா முப்பத்தொன்றாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘செல்ஃப்’ என்ற சொல் அவள் கையெழுத்தில் கொஞ்சம் சாய்ந்து இருந்தது. புத்தகம் முழுக்க எத்தனையோ இடத்தில் அந்தச் சொல் இருந்தது. மற்றவற்றை அவள் அடித்து மாற்றியிருப்பாள், இந்த ஒன்றைத் தவிர. அன்று பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அங்கே ஒருவரை உட்கார வைக்க அவளால் முடியவில்லை.

பேனாவை எடுத்தாள். மீட்டர் பார்த்து ஓட்டிய நேரம் என்ற கட்டத்தில் இருந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். கீழே இருக்கும் எண்ணைப் படிக்க முடிகிற மாதிரி மெல்லிய கோடு. சுரண்டவோ வெள்ளை பூசவோ கூடாது. பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட்டாள். கூட்டுத்தொகையையும் திருத்தினாள். ஒன்பது மணி பத்து நிமிடம்.

“அம்மா, நான் பள்ளிக்குப் போறேன். அம்பது நிமிசம் ஓட்டிட்டு வந்துடறேன்.”

அடுப்படியிலிருந்து அம்சாவின் குரல் வந்தது. “போறதுனா இன்னிக்கே போ. நாளைக்கு ரோட்டெல்லாம் அடைச்சிடுவான்.”

சாப்பிட்டுவிட்டுப் பையோடு இறங்கியபோது ஆட்டோ எதுவும் வரவில்லை. ஸ்டேஷன் வரை நடந்தாள். ஊருக்குள் வருகிறவர்கள் எல்லோரும் மலையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் துணி, தோளில் காவடி, மொட்டைத் தலையில் சந்தனம். அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், லாக்புக் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஒருத்தி. ஒரு கிழவர் “ஏம்மா, மல அந்தாண்ட கீது!” என்று வழி சொன்னார். அரக்கோணத்தில் மும்பை ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் கதவோரம் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் வேணுவுக்கு ஒரே வரி அனுப்பியிருந்தாள்: ‘நேரத்தை அடித்துவிட்டேன் சார், மேடத்திடம் சொல்லப்போகிறேன், மன்னிக்கவும்.’ பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

பள்ளியின் தலைமை ஆசிரியர் கேப்டன் தேவயானி சென்னையில் வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். தமிழ் தெரிந்தாலும் மாணவர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். லாக்புக்கையும் அலுவலகப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விமானத்தின் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னார். மூன்றையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எங்கள் பதிவு எல்லாவற்றிலும் இரண்டு பேர் போனதாக இருக்கிறது. நீ ஒருத்திதான் இல்லை என்கிறாய். உனக்கு நஷ்டமாகிற மாதிரி எதற்கு ஒரு பொய் சொல்வாய் என்று நான் கேட்கலாம். ஆனால் அது சாட்சி ஆகாது.”

வேணுவைக் கூப்பிட்டார்கள். அவர் கதவருகிலேயே நின்றார். அனுராதாவைப் பார்க்கவில்லை. அவர் சீருடை அன்று புதிதாக இஸ்திரி போட்டிருந்தது. கேப்டன் தேவயானி தேதியைச் சொல்லி, “நீங்கள் இந்த விமானத்தில் இருந்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

வெளியே ஒரு விமானம் எஞ்சினைச் சோதித்துக்கொண்டிருந்தது. வேணு ஜன்னல் வழியே அதைப் பார்த்தார். இருந்தேன் என்று சொல்ல அவருக்கு ஒரு சொல் போதும். மூன்று புத்தகங்களில் இரண்டு அவர் பக்கம் இருந்தன. அனுராதா மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை மேடம். நான் இறங்கிவிட்டேன்,” என்றார்.

அவரை உட்காரச் சொன்னார்கள், அவளைப் போகச் சொன்னார்கள். உள்ளே என்ன பேசப்பட்டது என்பது அவளுக்குத் தெரியாது. மாலையில் லாக்புக் திரும்பி வந்தபோது அடித்த எண்ணின் பக்கத்தில் மேடம், வேணு இருவரின் கையெழுத்துகளும் இருந்தன. குமாஸ்தா சொன்னார்: வேணு சார் அந்தப் பக்கம் முழுவதையும் வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போட்டாராம்.

அதற்குப் பிறகு மழை. மேகம் தாழ்ந்து, கரும்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நாள்தோறும் விடியற்காலையில் மாணவர்கள் நாற்பது பேர் ஓடுதளத்தின் பக்கம் நின்று மேலே பார்ப்பார்கள். பிறகு மெஸ்ஸுக்குத் திரும்புவார்கள். ஏழு நாள் மிச்சம், ஆறு, ஐந்து. பறக்கும் வரிசையை எழுதும் பலகையில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது, முதலாவதாக ஏறியது, மறுபடி அழிக்கப்பட்டது. அம்சா தினமும் அழைத்து “மேகம் போச்சா?” என்று கேட்டாள். ஊரில் கிருத்திகை முடிந்து தெருவைப் பெருக்கிவிட்டார்களாம். நான்கு, மூன்று. ஸ்ரீதர் மற்ற பக்கங்களை எல்லாம் ஏற்றி வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்காகக் காத்திருந்தார்.

கெடுவுக்கு முந்தின நாள் காலை மேகம் கொஞ்சம் எழும்பியது. வேணுவுக்குக் கற்பிக்கும் பணி நிறுத்தப்பட்டிருந்ததால் கேப்டன் தேவயானியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “மேற்கே மழை திரண்டிருக்கிறது. ஒரு மணி நேரம்தான் தருவேன்,” என்றார்.

எட்டு மணி நாலு நிமிடத்துக்கு அனுராதா மறைப்பைப் போட்டாள். உலகம் ஆறு மீட்டர்களாகச் சுருங்கியது. காது ஒரு பக்கம் சாய்கிறது என்றது, முள் நேராக இருக்கிறது என்றது. முள்ளை நம்பினாள். ஏறினாள், திரும்பினாள், இறங்கினாள். வியர்வை புருவத்தில் தேங்கியது.

எட்டு முப்பத்தொன்றுக்கு ரேடியோவில் இன்னொரு மாணவனின் பதற்றக் குரல். தான் எங்கே இருக்கிறான் என்று அவனுக்கே சரியாகச் சொல்ல முடியவில்லை. “மறைப்பை எடு. தேடு,” என்று கேப்டன் தேவயானி கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கினார். இருவரும் நாலு பக்கமும் தேடினார்கள். சாம்பல் மேகத்தில் வெள்ளை விமானம். ஒன்பது நிமிடம் கழித்து, கீழே வெகு தூரத்தில் அவன் தெரிந்தான். எட்டு நாற்பதுக்கு மறுபடி மறைப்பு. ஒரு புள்ளியைச் சுற்றி நீள்வட்டமாகச் சுற்றும் பயிற்சி: திரும்ப ஒரு நிமிடம், நேராக ஒரு நிமிடம், திரும்ப ஒரு நிமிடம், நேராக ஒரு நிமிடம்.

“மழை இந்தப் பக்கம் நகர்கிறது. போதும், இறங்கலாம்,” என்றார் கேப்டன் தேவயானி. மணி எட்டு ஐம்பத்தொன்பது.

அனுராதா தொடையில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். இருபத்தேழு. பத்தொன்பது. “மேடம், நாற்பத்தாறுதான் ஆகியிருக்கிறது.”

“அதற்கென்ன? மறைப்பைப் போட்டுக்கொண்டது எட்டு நாலுக்கு. இப்போது ஒன்பது. ஐம்பது என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள்.”

“நடுவில் எடுத்துவிட்டோமே மேடம்.”

அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. மறைப்பின் ஓரத்தில் அவர் முழங்கை மட்டும் தெரிந்தது. அந்த முழங்கை அசையாமல் இருந்தது. வெளியே எவ்வளவு தூரத்தில் மழை இருக்கிறது, ஓடுதளம் இன்னும் தெரிகிறதா, எதுவும் அவளுக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

“இன்னும் ஒரே ஒரு சுற்று, மேடம்,” என்றாள்.

“நாலே நிமிஷம்,” என்றார் அவர், முதன்முறையாகத் தமிழில். “அதுக்கு மேல ஒரு செகண்டு கெடையாது.”

அவள் வலப்பக்கம் திருப்பினாள். நொடி முள் ஓடியது. நேராக்கினாள். காற்று தள்ளியது, இரண்டு டிகிரி திருத்தினாள். இரண்டாம் திருப்பத்தில் கூரையில் பட் பட்டென்று முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டது. கேப்டன் தேவயானியின் கை கட்டுப்பாட்டின் அருகே வந்தது, அதைத் தொடாமல் நின்றது. விமானம் ஒரு தடவை தூக்கிப் போட்டது. உயரம் காட்டும் முள் நாற்பது அடி சரிந்தது. அதை மெல்ல ஏற்றினாள். சத்தம் கெட்டியாகிக்கொண்டே வந்தது. மூன்று நிமிடம் இருபது நொடி. நாற்பது. ஐம்பது.

“எடு.”

மறைப்பைக் கழற்றியபோது முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. பிறகு இடப்பக்கம், நினைத்ததைவிடப் பக்கத்தில், ஈரத்தில் கறுத்த ஓடுதளம் தெரிந்தது. அவளே இறக்கினாள். சக்கரம் தொட்ட இரண்டு நிமிடத்தில் மழை வயலையும் கொட்டகையையும் சேர்த்து மூடியது.

லாக்புக்கில் மொத்த நேரம் ஒரு மணி இருபது என்று எழுதினாள். மீட்டர் பார்த்து ஓட்டியது ஐம்பது நிமிடம். கேப்டன் தேவயானி கையெழுத்துப் போட்டுவிட்டு, கொட்டகை ஒழுகுகிறது என்று குமாஸ்தாவைத் திட்டப் போனார். நடைபாதையில் வேணு எதிரே வந்தார். தலையை லேசாக அசைத்துவிட்டுக் கடந்தார். அவர் ஏர்லைனில் சேர்ந்தது அடுத்த தையில்தான். அவளுடன் அதற்குப் பிறகு பேசவில்லை.

பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். திருத்தணியில் மின்சாரம் போய், வந்து, மறுபடி போயிற்றாம். மறுநாள் மாலை நாலரைக்கு ஸ்ரீதர் அழைத்தார்.

“எல்லாம் ஏறிச்சிம்மா. அப்ளிகேஷன் நம்பரு வந்துக்கீது. எழுதிக்கோ.”

கையில் தாள் இல்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.